புது பிரேக் பேட் மாட்டியாச்சா? முதல் 300 கிலோமீட்டர் கவனம்!



குழுக் கடனில் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டும் சகோதரிகள் நம்மில் உண்டு. தவணை கட்டணும், டீசல் போடணும். அதனால பிரேக் பேட் மாத்தின அன்னைக்கே சவாரிக்குக் கிளம்பத் தோணும். ஆனா புது பேட் முதல் நாளே முழுசாப் பிடிக்காது. இதைத் தெரிஞ்சுக்கிட்டா உயிரும் பிழைக்கும், பிழைப்பும் நிலைக்கும்.

ஏன் பிடிக்காது?

ஓடின டிஸ்க்கில் தேய்மானக் கோடுகள் இருக்கும். புது பேட் தட்டையா இருப்பதால் டிஸ்க்கை முழுசாத் தொடாது. பேட்டில் உள்ள பொருள் டிஸ்க் மேல மெல்லிய படலமாச் சீராப் படிஞ்சாத்தான் பிடிப்பு வரும். புது தோசைக்கல்லைப் பழக்காம மாவு ஊத்தினா ஒட்டிக்கும் இல்லையா? அதே கதைதான். நிதானமாச் சூடேத்தி, ஆறவிட்டுப் பழக்கணும்.

வண்டியை நகர்த்தும் முன்

1. பிரேக் பெடலைப் பல தடவை அழுத்தி விடுங்க. பேட் மாத்தும்போது உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னால தள்ளியிருப்பாங்க. அதனால முதல் அழுத்தலில் பெடல் அடிவரை போயிடும். கெட்டியான பிறகுதான் வண்டியை எடுக்கணும்.
2. பிரேக் ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்கான்னு பாருங்க.
3. வலது, இடது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாத்தினாங்களா, நட்டு இறுக்கினாங்களான்னு மெக்கானிக்கைக் கேளுங்க. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.
4. பேட்டிலும் டிஸ்க்கிலும் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. பழைய பேட் தூசியை வாயால் ஊதாதீங்க. அது நுரையீரலுக்குக் கெடுதல்.

சாலையில் பழக்கும் முறை

பகல் வெளிச்சம், காய்ந்த நேரான சாலை, வண்டி நடமாட்டம் குறைவான நேரம் இவை அவசியம். பள்ளிக்கூடம், சந்தை இருக்கும் பக்கம் வேண்டாம். பயணிகளை ஏத்தாதீங்க. சீட் பெல்ட் போடுங்க.

முதலில் மெதுவான வேகத்தில் நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பாருங்க. சரியாக இருந்தா 50 கிலோமீட்டர் வேகத்துக்கு வாங்க. கண்ணாடியில் பார்த்து, பின்னால் யாரும் இல்லைன்னா, சீராக அழுத்தி 15 வரை குறைங்க. முழுசா நிறுத்த வேண்டாம். அரை கிலோமீட்டராவது பிரேக் இல்லாம ஓட்டி ஆறவிட்டு, மறுபடி செய்யுங்க. இப்படி 8 முதல் 10 தடவை. கடைசியில் 10 நிமிடம் முடிஞ்சவரை பிரேக் போடாம ஓட்டி ஆறவிடுங்க. பேட் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தா அதையே செய்யுங்க.

பின்னால் வண்டி வந்தா அந்தத் தடவையை விட்டுடுங்க. காரணமில்லாம திடீர்னு பிரேக் போடக் கூடாது என்பது சாலை விதி.

லேசான வாடை வரலாம், பயப்பட வேண்டாம். புகை வந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ, பெடல் அடிவரை போனாலோ ஓரமா நிறுத்துங்க. மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்க.

அடுத்த சில நாட்கள்

முதல் 300 கிலோமீட்டர் வரை முன் வண்டிக்கு இடைவெளி அதிகம் விடுங்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் ஏறக்குறைய 17 மீட்டர் போயிடும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலை மாதிரி மலைப்பாதைச் சவாரியைத் தள்ளிப் போடுங்க.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. குறுக்கே ஆள் வந்தா, "புது பேட் ஆச்சே"ன்னு யோசிக்காம முழு பலத்தோட அழுத்துங்க. பேட் கெட்டா மாத்திக்கலாம்.

அரை நாள் சவாரி போனா மறுநாள் சம்பாதிக்கலாம். நம்மை நம்பி ஏறுறவங்க உயிருக்கு மறுநாள் கிடையாது.

குழுக் கூட்டத்தில் பேச

* பெடலை முதலில் ஏன் பல தடவை அழுத்தணும்?
* பழக்கும்போது பின்னால் வண்டி வந்தா என்ன செய்வீங்க?
* தவணை நாளில் வண்டிக்கு வேலை வந்தா, பேட் மாத்துவதைத் தள்ளிப் போடாமல் இருக்க, குழு உள்கடன் கொடுத்து உதவலாமா?