உயரமான பைக்கில் கால் எட்டவில்லையா?

சஸ்பென்ஷனில் கைவைக்கும் முன் சீட்டைப் பாருங்கள். ஹிமாலயன் 450-ன் சீட்டை 845 மி.மீ. உயரத்திலிருந்து 825-க்கு இறக்கிக்கொள்ளலாம். அதற்கென்றே தாழ்வான சீட்டும் உண்டு. இரு பாதங்களும் முழுதாகத் தரையில் படியவேண்டும் என்பதில்லை. முன்பாதம் உறுதியாக ஊன்றினால் போதும்.

அதுவும் போதாதென்றால், லிங்க் உள்ள மோனோஷாக் வண்டிகளில், அந்த மாடலுக்கென்றே செய்த லோயரிங் லிங்க் போடலாம். பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். முன் ஃபோர்க் குழாய்களையும் கிளாம்பில் இரு பக்கமும் ஒரே அளவில், சில மில்லிமீட்டர் மட்டும், மேலேற்ற வேண்டும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டிலோ ரேடியேட்டரிலோ உரசக்கூடாது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

பலர் மறப்பது சைடு ஸ்டாண்டை. வண்டி தாழ்ந்தபின் பழைய ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். குட்டையான ஸ்டாண்டு கட்டாயம். செயின் தொய்வு, ஹெட்லைட் கோணம் இரண்டையும் மறுபடி சரிபாருங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். பின்னால் ஆள் ஏறி, வேகத்தடையில் இறங்கும்போது சஸ்பென்ஷன் அடிவரை போய் இடிக்கும்.