இலையுதிர்ந்த அரசும் இருப்புப் பதிவேடும்

சென்ற ஆண்டு மாசி மாதம் ஸ்ரீரங்கம் தீவிலுள்ள ஒரு சங்கத்தின் நாற்றுப் பண்ணைக்கு இருப்புச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். தட்டில் வளர்த்த அரசங்கன்றுகள் 14, ‘பட்டவை’ எனப் பதிவேட்டில் கழிக்கப்பட்டிருந்தன. இலையெல்லாம் உதிர்ந்து, சேறாகிய மண்ணோடு அவை ஒரு மூலையில் கிடந்தன. ஒன்றின் கிளையை நகத்தால் கீறினோம். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தது. இவ்வாறு சோதித்ததில் 9 கன்றுகள் உயிரோடிருந்தன. மற்ற ஐந்தும் வேர் அழுகிப் போயின. அவற்றைக் கெடுத்தது இலையுதிர்வு அன்று. அது கண்டு பதறி இருவேளையும் ஊற்றிய தண்ணீரே.

ஆதலின் தட்டு மரம் வளர்ப்பதையே இம்மாதப் பாடமாகக் கொள்கிறோம். ஜப்பானியர் இதனைப் போன்சாய் என்பர். தட்டில் நட்டது என்பது பொருள். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் டோக்கியோவின் தோட்டக்காரர் சிலர் ஓமியாவில் குடியேறி, 1925-இல் போன்சாய்க் கிராமத்தை நிறுவினர். வீட்டுக்குப் பத்து மரங்களேனும் வளர்த்தல், பார்வையாளருக்கு வாயிலைத் திறந்து வைத்தல், மாடி கட்டாதிருத்தல் எனத் தமக்குள் விதி செய்துகொண்டனர். துணைவிதிகளோடு பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இது வியப்பளிக்காது.

நம் பக்கத்தில் இதற்கு அரசு ஏற்ற மரம். பறவையின் எச்சத்தால் மதில் இடுக்கிலும் கிணற்றுச் சுவரிலும் முளைத்து, மண் போதாமையால் ஆண்டுக்கணக்கில் குள்ளமாகவே நிற்கும். அடிமரம் மட்டும் தடிக்கும். சுவருக்குக் கேடான அக்கன்றே தட்டுக்கு உகந்தது. மழையில் சாந்து நெகிழ்ந்திருக்கும்போது வேர் அறாமல் எடுத்தல் நலம். கோயில் மதிலாயின் நிர்வாகத்தாரின் அனுமதியின்றித் தொடலாகாது.

இத்தீவின் வண்டல் மண்ணை அப்படியே தட்டிலிட்டால் நீர் வடியாது. சலித்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து கொள்ளலாம். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டியதில்லை. தட்டின் அடியில் துளைகள் இருத்தல் இன்றியமையாதது.

அரசு மாசி, பங்குனியில் இலையுதிர்த்துப் பின் செம்பு நிறத்தில் துளிர்க்கும். நீரை ஆவியாக்கிச் செலவழிப்பது இலையே. இலையில்லா மரத்துக்கு நீர்ச்செலவு மிகக் குறைவு. மேல்மண் விரற்கணு ஆழம் காய்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். அந்நாட்களில் உரம் கூடாது. அதே மரம் சித்திரை வெயிலில் நிறைந்த இலையோடு நிற்கும்போது இருவேளை நீரும் கேட்கும்.

மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் தட்டு மாற்றலாம். வேர்களைக் குச்சியால் நீவிப் பிரித்து, மூன்றிலொரு பங்கு வரை கத்தரித்து, புது மண்ணில் ஆடாதபடி கட்டி நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தல் வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும். வெட்டுவாயில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றிக் கரித்தூள் தடவலாம். புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் இரண்டை விட்டு நறுக்கினால் கிளை பிரியும். கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவதில் மட்டும் நெசவாளர் பயிர்த்தொழிலாளரை மிஞ்சுவர். பாவு நூலின் இழுவையறிந்த கை பட்டையை நெரிக்காது. எனினும் கிளை பருக்குமுன் கம்பியை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

மேற்சொன்ன ஒன்பது கன்றுகளையும் புது மண்ணுக்கு மாற்றச் செய்தோம். பங்குனி முடிவில் எட்டு துளிர்த்தன. பதிவேட்டில் கழித்துவிட்ட சரக்கை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று செயலாளர் கேட்டார். ‘மீண்டவை, 8’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டோம். தணிக்கையாளர் விளக்கம் கேட்டால், கன்றுகளையே காட்டும்படி சொல்லி வைத்திருக்கிறோம்.