மாதவிடாய் நின்ற மகளிரும் சிறுநீர்க் கசிவும்: பயிற்சியும் நரம்புத் தூண்டலும்

நம் நாட்டில் பெண்களின் உடல்நலத்துக்கென வகுக்கப்பட்ட திட்டங்களில் பெரும்பாலானவை மகப்பேற்றைச் சுற்றி அமைந்தவை. தேசியக் குடும்ப நல ஆய்விலும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களே பேட்டி காணப்படுகின்றனர். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயதோ ஏறத்தாழ 46 அல்லது 47. ஆகவே, அதற்குப் பின் அவர்கள் வாழும் ஆண்டுகளில் பெரும்பகுதி கணக்கெடுப்புக்கு அப்பால் நின்றுவிடுகிறது. அந்த ஆண்டுகளில் பலரை வருத்துவதும், மிகச் சிலரே வாய்விட்டுச் சொல்வதுமான தொல்லை சிறுநீர்க் கசிவாகும்.

உயிருக்கு ஆபத்தில்லாத குறை என இதனை ஒதுக்குவது சரியன்று. கசிவுக்கு அஞ்சும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். அதனால் சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்துகிறது; நோய்த்தொற்றும் எளிதில் ஏற்படுகிறது. பேருந்துப் பயணம், திருமண வீடு, கோயில், வயல் வேலை என ஒவ்வொன்றாக விட்டு விலகுகின்றனர். இரவில் அவசரமாக எழுந்து கழிப்பறைக்கு விரையும்போது தவறி விழுவதும் உண்டு. மாதவிடாய் நின்றபின் எலும்புகள் வலுவிழந்திருப்பதால், அத்தகைய வீழ்ச்சி எலும்பு முறிவில் முடியக்கூடும்.

கசிவு முக்கியமாக இரு வகைப்படும். இருமும்போதும், தும்மும்போதும், குடம் தூக்கும்போதும் கசிவது ஒரு வகை. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் பிரசவங்களாலும், பளு தூக்குவதாலும், முதுமையாலும் தளர்வது இதற்குக் காரணம். திடீரென அடக்கமுடியாத உந்துதல் ஏற்பட்டு, கழிப்பறையை அடையுமுன் கசிவது மற்றொரு வகை. பை நிறையுமுன்னரே அதன் தசை சுருங்குவதால் இது நிகழ்கிறது. இரண்டும் கலந்து வருவதும் சாதாரணமே. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், சிறுநீர் வெளியேறும் குழாயின் உட்படலம் மெலிந்து, நிலைமை மேலும் மோசமாகிறது.

தசைப் பயிற்சி

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் வெளியிட்ட பயிற்சிமுறையே இன்றும் முதற் சிகிச்சையாகக் கொள்ளப்படுகிறது. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல இடுப்புத் தளத் தசைகளை உள்ளும் மேலுமாக இழுத்து, சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்தவேண்டும். ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாளொன்றுக்கு 3 வேளை செய்வது வழக்கம். குறைந்தது 3 மாதங்கள் தொடர்ந்தாலே பலன் தெரியும்.

சொல்வது எளிது, சரியாகச் செய்வதுதான் கடினம். வாய்மொழியாக மட்டும் கேட்டுக்கொண்ட பெண்களில் பலர் வயிற்றையும் தொடையையும் இறுக்குகின்றனர். சிலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகின்றனர். இது கசிவை அதிகரிக்கவே செய்யும். எனவே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ செவிலியரோ ஒருமுறையாவது பரிசோதித்து, சரியான தசை சுருங்குகிறதா என்று உறுதி செய்யவேண்டும். துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வழங்குவதால் மட்டும் இக்குறை தீராது. தசையைத் தாமாகச் சுருக்கவே இயலாதவர்களுக்கு, இடுப்புத் தளத்தில் மெல்லிய மின்தூண்டல் அளித்துத் தசையை உணரச் செய்யும் முறையும் உள்ளது.

நரம்புத் தூண்டல்

உந்துதல் வகைக் கசிவுக்கு, குறித்த நேரம் வரை சிறுநீரை அடக்கிப் பழகும் பயிற்சியை முதலில் அளிக்கின்றனர். அதற்குத் தரப்படும் மாத்திரைகளில் பல, வாய் உலர்தலையும் மலச்சிக்கலையும், முதியவர்களிடம் மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். இங்கேதான் நரம்புத் தூண்டல் உதவுகிறது. கணுக்காலின் உட்புறம் செல்லும் நரம்பின் இழைகள், சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் தோன்றும் அதே தண்டுவடப் பகுதியிலிருந்து வருகின்றன. கணுக்காலுக்குச் சற்று மேலே நுண்ணிய ஊசி செருகி மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், பையின் மிகைச் சுருக்கம் தணிகிறது. கால் கட்டைவிரல் மடங்குவது, சரியான நரம்பு தூண்டப்படுவதற்கு அடையாளம். வாரம் ஒருமுறை 30 நிமிடங்கள் வீதம் 12 வாரங்கள் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. பலன் பெற்றவர்கள் அதனைத் தக்கவைக்க அவ்வப்போது மீண்டும் வரவேண்டியிருக்கும்.

ஊசியின்றித் தோலின்மீது மின்பட்டைகளை ஒட்டிச் செய்வதும் உண்டு. வலி தணிப்பதற்காக இயன்முறைச் சிகிச்சைக் கூடங்களில் வழக்கமாக உள்ள சிறு மின்தூண்டல் கருவியே இதற்குப் போதுமானது என்பது நம்மைப் போன்ற நாட்டுக்குப் பெரிய வசதி. இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர்களுக்கு மருத்துவ ஆலோசனையின்றி இதனை அளிக்கலாகாது. சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, இடைவிடாத கசிவு ஆகியவை இருப்பின், முதலில் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். நோய்த்தொற்றும் நீரிழிவும் உண்டா என்று பார்ப்பதும் அவசியம்.

முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2010-11-இல் தொடங்கியது. நலவாழ்வு மையங்கள் 2018 முதல் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கு இரத்த அழுத்தம் பார்க்க வரும் நடுவயதுப் பெண்ணிடம், செவிலியர் தனியே அழைத்து, ‘இருமும்போது துணி நனைகிறதா? கழிப்பறைக்குப் போவதற்குள் கசிகிறதா?’ என்று இரண்டு வினாக்கள் கேட்டால் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வாரந்தோறும் நகரத்துக்குச் சென்று வரும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் கூலியும்தான் பெண்களைப் பாதியில் நிறுத்திவிடும் என்பதால், முதற் பரிசோதனைக்குப் பிந்திய பயிற்சியை ஊரிலேயே தொடரச் செய்வது நலம். எத்தனை முறை கசிந்தது என்று 3 நாட்களுக்குக் குறித்துவரச் சொல்வது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்து எண்ணிச் சொல்லலாம்.