எண்கள் சொல்லும் சேதி: ஆண்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள்?



கையில் படிவத்தோடு யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்? இன்னும் குழந்தை வேண்டுமா? என்ன கருத்தடை முறை பின்பற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். "இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு? எழுதிக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறாங்க?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இந்தப் பிரசுரம்.

1. ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் சமைக்கிற தாய்மார்களுக்கு இன்னொன்றும் தெரியும். மேலாகவே எடுத்துப் பார்த்தால் அடிச்சோறு வெந்ததா என்று தெரியாது. கிண்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கெடுப்பும் அப்படியே. நம் நாட்டில் தேசிய குடும்ப நல ஆய்வு 1992-93-ல் தொடங்கியது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது ஆய்வில் 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேள்வி கேட்டார்கள். ஏறத்தாழ 7 லட்சத்து 24 ஆயிரம் பெண்களும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பதில் சொன்னார்கள். கணக்கெடுப்பாளர் தமக்குத் தெரிந்த வீட்டுக்கோ, கார் நிற்கிற தெருவுக்கோ இஷ்டம்போல் போக முடியாது. முதலில் ஊர்களை முறைப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அங்குள்ள வீடுகளையெல்லாம் பட்டியல் போட்டு, அதிலிருந்து 22 வீடுகளை எடுக்கிறார்கள். பானையைக் கிண்டிவிட்டு எடுப்பது என்பது இதுதான்.

2. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண்கள்

அந்த ஆய்வில் ஆண்களிடம் ஒரு கருத்தைச் சொல்லி, "இதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். 'கருத்தடை என்பது பெண்கள் சமாச்சாரம். ஆண் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை' என்பதே அந்தக் கருத்து. நாடு முழுவதும் நூற்றுக்கு 35 ஆண்கள் "ஆமாம்" என்றார்கள்.

இனி அடுத்த எண்ணைப் பாருங்கள். அந்த ஆய்வின்படி, நாட்டில் நூறு தம்பதிகளில் ஏறத்தாழ 38 பேர் வீட்டில் மனைவி கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தார். கணவர் செய்துகொண்ட வீடுகள் ஆயிரத்துக்கு மூன்றுதான். தமிழ்நாட்டிலோ மனைவி செய்துகொண்டது நூற்றுக்கு ஏறத்தாழ 58. கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று.

சற்று யோசியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் "இது பெண்கள் சமாச்சாரம்" என்று சொல்லவில்லை. ஆனாலும் அறுவை என்று வரும்போது ஏறத்தாழ எல்லா வீட்டிலும் பெண்ணே போய்ப் படுக்கிறார். ஆகவே ஆண்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே வேறு ஏதோ தடை இருக்கிறது. ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

3. அச்சம் எங்கிருந்து வந்தது?

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு மாத முகாமில் மட்டும் ஏறத்தாழ 63,000 ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் நடந்த கருத்தடை அறுவைகளில் ஆண்களுடையதே அதிகம்.

பிறகு நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976-77-ல் மாநிலங்களுக்கும் அலுவலர்களுக்கும் 'இத்தனை பேர்' என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஓர் ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. பல இடங்களில் கட்டாயம் நடந்தது. மக்கள் மிரண்டார்கள். அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆண் கருத்தடை அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இதில் பாடம் இருக்கிறது. எண்ணைக் கோலாகப் பிடித்து மக்களை விரட்டினால், மக்கள் ஓடிப்போவார்கள். 1996-ல் அரசு இத்தகைய இலக்கு முறையைக் கைவிட்டது. எண் என்பது மக்கள் மனத்தில் இருப்பதைக் கேட்டு அறியும் காதாக இருக்க வேண்டும்.

4. காரணத்துக்கு ஏற்ற மருந்து

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. கிராம சுகாதார செவிலியர் ஓர் ஊரில் இருபது ஆண்களிடம் "ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். "பலம் போயிடும், மூட்டை தூக்க முடியாது" என்றவர் 11 பேர். "இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே எங்கிட்ட சொல்லலே" என்றவர் 5 பேர். "எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றவர் 4 பேர். அடுத்த ஊரில் கேட்டால், "செய்துக்கத் தயார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு தெரியலே" என்பவரே அதிகம்.

இரண்டு ஊருக்கும் ஒரே சுவரொட்டி போதுமா? போதாது. முதல் ஊருக்கு, அறுவை செய்துகொண்டு நல்லபடி உழைக்கிற ஒருவர் வந்து தம் வாயால் பேச வேண்டும். அடுத்த ஊருக்கு டாக்டரும் வண்டி வசதியும் வேண்டும்.

செவிலியர் நோட்டுப் புத்தகத்தில் செய்த இதே வேலையை, லட்சக்கணக்கான பதில்களை வைத்துக் கணினி செய்கிறது. வயது, படிப்பு, கிராமம், நகரம் என்று முறத்தில் புடைப்பதுபோல் பிரித்து, எங்கே அச்சம், எங்கே அறியாமை, எங்கே வசதிக் குறைவு என்று காட்டுகிறது. தரவு அறிவியல் என்று இன்று சொல்வது இதைத்தான். ஆனால் கணினிக்குக் கொடுக்கும் பதில் பொய்யானால், அது தரும் விடையும் பொய்தான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் ஒரு பதில் சொல்வார், தனியே இருந்தால் வேறு சொல்வார். அதனால்தான் பெண்களிடம் பெண்ணும் ஆண்களிடம் ஆணும் தனியே கேட்கிறார்கள்.

5. கேட்பதும் பதிலும்

"ஆம்பளைத்தனம் போயிடுமா?"
போகாது. விந்தணு வரும் இரண்டு மெல்லிய குழாய்களை மட்டுமே அடைக்கிறார்கள். விதைப்பையில் உள்ள சுரப்பிகளைத் தொடுவதில்லை. ஆசை, பலம், மீசை, குரல் எதுவும் மாறாது.

"வயித்தைக் கிழிப்பாங்களா?"
இல்லை. பெண்களுக்குத்தான் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. 1974-ல் சீனாவில் டாக்டர் லீ ஷுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு சிறு துளை போடுகிறார்கள். தையல் இல்லை. அன்றே வீடு திரும்பலாம்.

"எப்ப வேலைக்குப் போகலாம்?"
இரண்டு நாள் ஓய்வு. பாரம் தூக்கும் வேலையும் சைக்கிளும் ஒரு வாரம் வேண்டாம். காய்ச்சலோ, வீக்கமோ, ரத்தக் கசிவோ இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

"அன்னைக்கே பலன் உண்டா?"
இல்லை. மூன்று மாதம் வரை ஆணுறை போன்ற வேறு முறை அவசியம். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே நிம்மதி. இது பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

6. நீங்கள் செய்ய வேண்டியது

• இது நிரந்தர முறை. இனிக் குழந்தை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் உறுதியாக முடிவு செய்த பிறகே நாடுங்கள். ஐயம் இருந்தால் தற்காலிக முறைகள் உண்டு.
• முடிவு உங்களுடையது. யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது.
• கணக்கெடுப்பாளர் வந்தால் மனத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பயமாக இருந்தால் "பயமா இருக்கு" என்றே சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கணவன்மார்களே! பிள்ளை சுமந்து, பெற்று, பால் கொடுத்துக் களைத்தவரே அறுவை மேஜைக்கும் போக வேண்டுமா? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள்.