கியர் பாக்ஸ் ஆயில் குடிக்காது

பட்டறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிளட்ச் பிளேட் மாற்றிப் பழகிய கை, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதன் கியர் பாக்ஸுக்குள் ஓடும் ஏடிஎஃப் என்ற ஆயில் வெறும் வழவழப்புக்கானது அல்ல. எஞ்சின் விசையைக் கடத்துவது, உள் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதுதான்.

1. எந்த ஆட்டோமேட்டிக் என்று முதலில் கேள். 2014-ல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி, உள்ளே மேனுவல் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில், ஆக்சுவேட்டருக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். இன்னோவா கிரிஸ்டாவின் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு டொயோட்டா டபிள்யூஎஸ். ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2. பெட்டிக்கு உரிய ஆயில் எதுவென்று வண்டியின் புத்தகத்தைப் பார்த்தே டப்பாவைத் திற.

2. அளவு பார்க்கும் முறையும் புத்தகத்தில்தான் இருக்கிறது. பல வண்டிகளுக்குச் சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து ஒவ்வொரு கியராகப் போட்டுத் திரும்பி, ஆயில் சூடாக, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களுக்கு எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள். முறை மாறினால் அளவும் மாறும்.

3. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அப்படி ஏறி இறங்கி வந்த வண்டியில் உடனே ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவாதே. சூட்டில் ஆயில் விரிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். அரைமணி நேரம் ஆறவிடு.

4. திருப்பூர் பனியன் வேஸ்ட் நம் பட்டறைகளுக்குச் சோறு மாதிரி. ஆனால் இந்தக் கம்பியை அதனால் துடைக்காதே, கண்ணு. நூல் பிசிறு உள்ளே போனால் வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் சிக்கும். பிசிறில்லாத துணியால் துடைத்து, முழுசாகச் செருகி, மறுபடி உருவி, "ஹாட்" குறியில் படி.

5. நிறத்தையும் வாடையையும் பார். சிவப்பு நல்லது. பழுப்பு, வயதானது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தீய்ந்திருக்கிறது. பாலேறிய ரோஸ் நிறம் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டாதே.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம், கியர் பாக்ஸ் ஆயில் எரியாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஆயில் பேன் பேக்கிங், ஆக்சில் சீல், கூலர் ஹோஸ், டிரெயின் வாஷர் நான்கையும் பார். முன்பக்கம் சொட்டும் சிவப்பு ஆயில், பவர் ஸ்டீயரிங்கிலிருந்தும் வரலாம். ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக் கொடுப்பது பாதி வேலை.

7. நீளக் குழாய்ப் புனல் வைத்து, கால் லிட்டர் ஊற்று, கியர் மாற்றித் திரும்பப் பார், பிறகு அடுத்தது. கூடிப்போனால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். இரண்டிலும் கியர் வழுக்கிச் சூடேறும்.

8. கம்பியே இல்லாத வண்டிகள் இப்போது ஏராளம். அவற்றில் லெவல் பிளக்கைக் கழற்றி, குறித்த வெப்பத்தில் ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனரில் வெப்பம் பார்க்காமல், வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்காமல் அந்த பிளக்கைத் தொடாதே.

9. ஆயிலை இறக்கி மாற்றினால், இறங்கியதை அளந்து குறி. கன்வெர்ட்டருக்குள் பெரும்பங்கு தங்கிவிடும், அதனால் டிரெயின் செய்வதில் ஒரு பகுதிதான் வரும். பேனிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பு. துண்டு துண்டாக இரும்பு இருந்தால் படம் எடுத்து வண்டிக்காரரிடம் காட்டு. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று கம்பெனி சொல்லியிருந்தாலும், மலைப்பாதை, அதிகச் சுமை, வெயில் ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கை நம்பாதே.

10. பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதே. நம் ஊர்ச் சாக்கடை போய்ச் சேருவது நொய்யல் ஆற்றில். கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடு.

11. "ஏனுங்க, ஆயில் மாத்துனா வழுக்கறது நின்னுருமுங்களா?" என்று கேட்பார்கள். "சொல்ல முடியாதுங்க, உள்ளே தேய்ஞ்சிருந்தா ஆயில் சரி பண்ணாதுங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல். பில்லில் ஆயிலின் பெயர், ஊற்றிய அளவு, கிலோமீட்டர் மூன்றையும் எழுது. அடுத்த முறை குறைந்து வந்தால், எவ்வளவு ஒழுகியது என்பதற்கு அதுதான் கணக்கு.