கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேர்



மாத்தளைத் தோட்டங்களில் ‘அரைப்பேர்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வேலை குறைந்தால் கூலியும் பாதி. ஆகவேதான் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை (மத்தேயு 20:1-16) நம்மைத் திகைக்க வைக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேரா?

இவ்வுவமையின் அடையாளங்களை எப்படி விளங்கிக்கொள்வது? 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த புனித பெரிய கிரகோரியார், ஆட்களை அழைத்த ஐந்து வேளைகளையும் ஆதாம் தொடங்கி உலக வரலாற்றின் ஐந்து காலங்களாகக் கண்டார். தியானத்திற்கு அது நன்று. ஆனால், ஒவ்வொரு சிறு விவரத்திற்கும் மறைபொருள் தேடினால் உவமையின் மையம் நழுவிவிடும்.

திராட்சைத் தோட்டம் பழைய அடையாளம். எசாயா 5-ஆம் அதிகாரத்தில் அது இஸ்ராயேல் மக்களைக் குறிக்கிறது. தெனாரியமோ அப்படியன்று. அது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். அவன் வீட்டின் அன்றைய உணவு. பாதிக் காசு பாதி வயிற்றையே நிரப்பும். கடைசியில் வந்தோர் சோம்பேறிகளும் அல்லர். அவர்களை வேலைக்கு அழைப்பாரில்லை.

எனவே, ‘கூலி முதலாளியின் இஷ்டம்’ என்று இதிலிருந்து பாடம் படிப்பது தவறு. தோட்டத் தலைவர் தம் உரிமையைக் கொடுப்பதற்கே பயன்படுத்தினார், குறைப்பதற்கு அல்ல. முந்தி வந்தோருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை.

உவமையில் உங்களைத் திகைக்கச் செய்யும் இடம் எது? அங்கே நின்று வாசியுங்கள். இறைவனின் முகம் அங்கேதான் தெரியும். இன்றைய குடும்பச் செபத்தில் ஒரு கேள்வி: நாம் யாருடைய பசிக்கு அரைப்பேர் போடுகிறோம்?