பேறுகால வேதனையைத் தணிப்பது பாவமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருந்த மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சுவாமி, நோக் குறைய முதுகில ஊசி போடலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். போட்டால் பாவமோ?" நாம் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்: "நாங்கள் ஏழு பெத்தனாங்கள். எந்த ஊசியைக் கண்டனாங்கள்? ஏவாளுக்குக் கடவுள் குடுத்த தீர்ப்பை மனிசர் மாத்தலாமே?" கணவனோ நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

1. வேதாகமம் என்ன சொல்லுகிறது?

மாமியார் சுட்டிக்காட்டியது ஆதியாகமம் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனம். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்படுவது உண்மையே. ஆனால் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். அங்கே சபிக்கப்படுவன இரண்டு: 14ஆம் வசனத்தில் பாம்பு, 17ஆம் வசனத்தில் நிலம். பெண் சபிக்கப்பட்டதாக அங்கு எழுதப்படவில்லை.

இன்னுமொன்று. ஏவாளின் வேதனையைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் 'இட்சாபோன்' என்ற சொல்லே அடுத்த வசனத்தில் ஆதாமின் பாடுகளைக் குறிக்கவும் வருகிறது. பெண்ணுக்குப் பேற்றில் வருத்தம். ஆணுக்கு வயலில் வருத்தம். நிலம் முள்ளும் பூண்டும் முளைப்பிக்கும், நெற்றி வியர்வையோடு உண்பாய் என்பதும் அதே தீர்ப்பின் பகுதிதான்.

அப்படியானால் நம்மவர் என்ன செய்தார்கள்? தோட்டத்தில் முள்ளும் பூண்டும் வளரட்டும் என்று விட்டார்களா? களை பிடுங்கினார்கள். துலா மிதித்து நீர் இறைத்தவர்களின் பிள்ளைகள் கிணற்றடியில் இயந்திரம் பூட்டினார்கள். மாட்டுக் கலப்பை போய் உழவு இயந்திரம் வந்தது. ஆதாமின் வியர்வையைக் குறைப்பது பாவம் என்று எந்த ஆண்மகனும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. ஆணின் பாரத்தை இறக்கினால் முன்னேற்றம், பெண்ணின் பாரத்தை இறக்கினால் பாவம் என்பது என்ன நியாயம்?

பாவத்தினால் காயப்பட்ட உலகின் நிலையையே அவ்வசனம் எடுத்துரைக்கிறது. வேதனையை நீக்க முயலாதே என்னும் கட்டளை அதில் இல்லை.

2. பழைய வழக்கு

இந்த விவாதம் இன்று நேற்று எழுந்ததன்று. 1847ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற வைத்தியர் பிரசவ வேதனையைத் தணிக்க முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபோமையும் உபயோகித்தார். சிலர் வேதத்தைக் காட்டி மறுத்தனர். அவரும் வேதத்தைக் கொண்டே விடை எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை ஆழ்ந்த நித்திரையில் ஆழ்த்தினாரே என்பது அவர் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று. 1853இல் விக்டோரியா மகாராணியார் தமது எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது ஜோன் சினோ என்ற வைத்தியர் குளோரோபோம் கொடுத்தார். அதன்பின் எதிர்ப்பு வெகுவாகத் தணிந்தது.

3. திருச்சபையின் போதனை

பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1956 ஜனவரி 8ஆம் நாள் மகப்பேற்று வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இதைப்பற்றித் தெளிவாகப் பேசினார். ரஷ்யாவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவியிருந்த ஒரு பயிற்சி முறை அப்போது பேசுபொருளாயிருந்தது. தாய்மாருக்கு முன்கூட்டியே விளக்கமளித்துப் பயத்தைப் போக்கி, அதன்மூலம் வேதனையைக் குறைப்பதே அம்முறை. கடவுளை மறுப்போர் நாட்டில் பிறந்தது என்பதற்காக அதனைத் தள்ள வேண்டியதில்லை என்றார் பாப்பரசர். ஏவாளைத் தண்டித்தபோது, பேற்றை எளிதாக்கும் வழிகளைத் தாய்மார் பயன்படுத்துவதைக் கடவுள் தடுக்க விரும்பவுமில்லை, தடுக்கவுமில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

மறு ஆண்டு, 1957 பெப்ரவரி 24ஆம் நாள், இத்தாலிய மயக்கமருந்து வைத்தியர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு அவர் விடையளித்தார். வேதனையைத் தாங்கியே தீரவேண்டும் என்ற பொதுவான கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை. மருந்தினால் அதைத் தணிக்கலாம். ஒருவர் தம் விருப்பத்தோடு வேதனையை ஏற்று ஆண்டவரின் பாடுகளோடு இணைப்பதும் நன்றே. ஆனால் தேவ அன்பில் வளர்ச்சி வேதனையின் அளவினால் வருவதன்று; இறையருள் தாங்கும் மனத்தின் விருப்பத்தினாலேயே வருகிறது என்று போதித்தார்.

இதனைக் கவனிக்க வேண்டும். ஒப்புக்கொடுத்தல் என்பது தன்னுடையதைக் கொடுப்பது. பிறருடைய வேதனையை நாம் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க முடியாது. மருமகள் தானாக ஏற்றால் அது காணிக்கை. நாம் அவள்மேல் சுமத்தினால் அது வெறும் சுமை.

4. முதுகில் போடும் ஊசி என்பது எது?

இதற்கு எபிடியூரல் என்று பெயர். 1921இல் பிடெல் பஹேஸ் என்ற ஸ்பானிய இராணுவ வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு இம்முறையைப் பயன்படுத்தி எழுதினார். பின்னர் அது பிரசவ அறைக்கும் வந்தது.

முள்ளந்தண்டு நரம்பைச் சுற்றி உறைகள் உண்டு. வெளி உறைக்கு அப்பாலுள்ள இடைவெளியில், இடுப்பளவில், மயக்கமருந்து நிபுணர் ஊசியைச் செலுத்துகிறார். அதன்வழி மெல்லிய குழாயொன்றை வைத்து ஊசியை எடுத்துவிடுவார். குழாய்வழியே செல்லும் மருந்து, கருப்பையிலிருந்து வேதனையைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மரக்கச் செய்கிறது. சுமார் 20 நிமிடங்களில் வேதனை தணியும். தாய் நித்திரையாவதில்லை, பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள், பாலும் கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம், கால்கள் பாரமாகலாம், நடுக்கம், காய்ச்சல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் வரலாம். பிள்ளையை முக்கி வெளியேற்றும் நேரம் நீளலாம். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்குக் கடும் தலையிடி வருவதுண்டு. அதற்குச் சிகிச்சை உண்டு. நிலையான நரம்புப் பாதிப்பு மிக அரிது. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஏற்றதன்று. காலமெல்லாம் முதுகுவலி வரும் என்று ஊரில் பேசுவதற்கோ, இதனால் வயிற்றைக் கீறி எடுக்கும் பிரசவம் கூடும் என்பதற்கோ ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை.

எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இல்லை. வாயு சுவாசித்தல், பெத்தடின் ஊசி போன்ற வேறு வழிகளும் உண்டு. எனவே கடைசி நேரம்வரை காத்திராமல் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் நாட்களிலேயே வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.

5. வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மாமிமாரே, ஏழு பிள்ளைகளை மருந்தின்றிப் பெற்ற உங்கள் துணிவை யாரும் குறைக்கவில்லை. ஆனால் அன்று உங்களிடம் யாரும் கேட்கவுமில்லை. வேறு வழி இருக்கவுமில்லை. நீங்கள் பட்டது இவளும் பட வேண்டும் என்பதைவிட, நீங்கள் பட்டது இவள் படாதிருக்கட்டும் என்பதே தாயுள்ளம்.

கணவன்மாரே, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்தியரிடம் மனைவியோடு போங்கள். விபரங்களைக் கேளுங்கள். அவள் எடுக்கும் முடிவுக்குத் துணை நில்லுங்கள்.

தாய்மாரே, ஊசி போட்டுப் பெற்றாலும் போடாமல் பெற்றாலும் நீங்கள் குறைந்த தாயல்ல. ஆண்டவரே தம் சீடருக்கு ஆறுதல் சொல்லும்போது பிள்ளைபெறும் பெண்ணை உவமையாக எடுத்தார் (அருளப்பர் 16:21). அங்கே அவர் புகழ்ந்தது வேதனையையன்று. உலகில் ஒரு மனிதன் பிறந்தான் என்ற மகிழ்ச்சியையே காட்டினார்.

அந்த வீட்டிலும் இவற்றையே சொன்னோம். மாமியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எனக்கு நாலாவது பிள்ளைக்கு மூண்டு நாள் நோக் கண்டது, சுவாமி. ஆரும் பக்கத்தில இல்லை" என்றார். மருமகள் எழுந்துபோய் அவர் அருகில் உட்கார்ந்தாள்.

குடும்பச் செபத்தின் பின் சிந்திக்க:

1. நம் வீட்டில் பேறுகால முடிவுகளை எடுப்பவர் யார்? பெறப்போகிறவளிடம் கேட்கிறோமா?

2. நாம் பட்ட துன்பத்தைப் பிறரும் பட வேண்டுமென்று எப்போதாவது எண்ணியதுண்டா?

3. நம் அயலில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் தாய்க்கு இவ்வாரம் என்ன உதவி செய்யலாம்?